பத்து வருஷம் தாங்கும் பூச்சு

பளபளாவுக்கு உயிரே போய்விட்டது. பச்சைக் குழந்தைகள் பிரிவின் கதவுக் கைப்பிடியில் கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சு உரிந்து, உள்ளே இருந்த பழைய இரும்பு அவரைப் பார்த்து இளித்தது.

"பத்து வருஷம் தாங்கும்னாங்களே!" என்று கைப்பிடியிடமே கேட்டார். பூசி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அவர் ஆஸ்பத்திரியின் பராமரிப்பு மேற்பார்வையாளர். எந்த உலோகத்தைக் கண்டாலும் துடைத்து மின்ன வைக்கும் வியாதி உள்ளவர் என்பதால் ஊழியர்கள் வைத்த பெயர் பளபளா. கிருமி வந்து உட்கார்ந்தால் அங்கேயே கொன்றுவிடும் பூச்சு என்று ஒன்று விற்பனைக்கு வந்ததும், இயக்குநர் அம்மாவின் பின்னாலேயே அலைந்து வாங்க வைத்தவர் அவர்தான். கதவுக் கைப்பிடி, கட்டில் கம்பி, மாடிப்படிக் கம்பி, குழாய்த் திருகு என்று மனிதக் கை படும் எதையும் விடவில்லை. வருகிற திங்கட்கிழமை சுகாதார அதிகாரி சோதனைக்கு வருகிறார்.

அதுகூடப் போகட்டும். அந்தக் கதவுக்கு உள்ளே, ஒரு கண்ணாடிப் பெட்டியில், அவருடைய பேத்தி இருந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, நாள் முந்திப் பிறந்தவள். மகள் மேல்மாடியில் ஆபரேஷன் தையலோடு எழ முடியாமல் கிடந்தாள். குழந்தையைத் தூக்குவது, பால் புகட்டுவது எல்லாம் நர்சுகளின் கைதான். தாத்தாவுக்குக் கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும் அனுமதி. அவள்மேல் ஒரு கிருமி ஒட்டிவிடக் கூடாதே என்று அவருக்குத் தூக்கமே இல்லை.

"உரியாம என்ன பண்ணும் சார்?" என்றார் துப்புரவு ஆயா. "தினம் ஆசிட் ஊத்தில்ல தேய்க்கிறோம்!"

"ஆசிட்டா? யாரு சொன்னா?"

"நீங்கதான். பளபளன்னு இருக்கணும்னீங்களே."

மிச்சமிருந்த பூச்சை அவரே எடுத்து, அந்தக் கைப்பிடிக்கும் பிரிவின் முகப்பில் இருந்த குழாய்த் திருகுக்கும் இன்னொரு முறை பூசினார். கைப்பிடிக்கு மேலே 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினார். அதுவரை முழங்கையால் தள்ளிக்கொண்டு போனவர்கள்கூட நின்று படித்தார்கள். ஏன் தொடக் கூடாது என்று தொட்டுப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் கைப்பிடி முழுக்கக் கைரேகை.

மறுநாள் கைப்பிடிக்குத் துணி சுற்றினார். துணி சீக்கிரமே கறுத்து, நாறத் தொடங்கியது. ஒருவர் மூக்கைச் சிந்தி அதிலேயே துடைப்பதைப் பளபளா கண்ணாரப் பார்த்தார்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"மன்னிச்சுக்குங்க சார். கை துடைக்கக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாசல் காவலாளியை அழைத்து வந்து கதவருகே நிறுத்தினார். வருகிறவர்களுக்குத் திறந்துவிட வேண்டும், வேறு யாரும் கைப்பிடியைத் தொடக் கூடாது. காவலாளிக்கு நல்ல ஜலதோஷம். கையை வாயில் வைத்துத் தும்மினார், அதே கையால் கதவைத் திறந்தார், தெரிந்த முகம் வந்தால் கைகுலுக்கினார்.

"உன்னைக் கை குடுக்கச் சொன்னேனா?"

"ஒரு மரியாதைதான் சார்."

பளபளாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆயாக்கள், காவலாளி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று எல்லாரையும் வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. திங்கட்கிழமை வரைக்கும் பூச்சு மேல ஆசிட் கூடாது. ஒரு சொட்டு சோப்புத் தண்ணிகூடப் படக் கூடாது. பட்டுதுன்னா உங்க வேலை போயிரும்."

"அப்போ துடைக்கவே வேணாமா சார்?" ஆயாவால் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

"வேணாம். கிருமியப் பூச்சு பாத்துக்கும்."

அவர் இத்தனை வருடத்தில் போட்ட உத்தரவுகளில், எல்லாரும் ஒரே மனதாக மதித்தது இந்த ஒன்றைத்தான்.

சனிக்கிழமை பேத்திக்குக் காய்ச்சல் என்றார்கள். பக்கத்துப் பெட்டிக் குழந்தைக்கும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு.

"ஏதோ தொத்துதான்," என்றார் டாக்டர். "எங்கேர்ந்து வருதுன்னுதான் புரியல."

பளபளா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போய், டப்பாவின் அடியைச் சுரண்டி, கதவுக் கைப்பிடிக்கு மறுபடியும் பூசினார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, கையிலிருந்த கருவியில் செருகினார். கட்டில் கம்பி தோற்றது. மாடிப்படிக் கம்பி படுதோல்வி.

"கிருமிக்குச் சோறு போட்டு வளர்க்கிறீங்களா?" என்றார் அதிகாரி. இயக்குநர் அம்மா பளபளாவைப் பார்த்த பார்வையில் சம்பளம், பென்ஷன் எல்லாம் கருகின.

கடைசியாகக் குழந்தைகள் பிரிவு. கதவுக் கைப்பிடியும் தோற்றது. அதிகாரி அலுப்போடு முகப்புக் குழாயின் திருகைத் துடைத்து, கருவியைப் பார்த்தார். மறுபடியும் துடைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல! சுத்தம்!" என்று கத்தினார். "பூச்சுல ஒரு கீறல் இல்ல பாருங்க. நர்சுங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொடுற குழாய் இது! இங்கயே இப்படி நிக்குதுன்னா வேற எங்க நிக்காது? எல்லா ஆஸ்பத்திரிக்கும் நானே சிபாரிசு பண்றேன்."

இயக்குநர் அம்மா பளபளாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு, கீழே பலகாரம் சாப்பிடப் போனார்கள்.

பளபளா மட்டும் போகவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில், ஏணியோடு போய்க்கொண்டிருந்த பிளம்பரின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்தியாப்பா? எல்லா இடத்துலயும் போயிடுச்சு. எம் பேத்தி இருக்கற இடத்துல மட்டும் நின்னுடுச்சு! இனிமே அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"நிக்காம எங்க சார் போகும்?" என்றார் பிளம்பர், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில். "ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே அந்தக் குழாய் லைனை மூடிட்டேன்ல. நர்சுங்க கை கழுவத் தண்ணி இல்லன்னு கத்துனாங்க, சாரோட உத்தரவுன்னு சொல்லிட்டேன்."