அறுபது வாட் பல்பும் பதினைந்து முட்டைகளும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனருக்கு,

நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். என் சுகத்தைக் கேட்காதீர்கள். மடியில் பதினைந்து முட்டைகளை வைத்து, கம்பளி போர்த்தி, அடைகாத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். போன் அலமாரி மேல் இருக்கிறது. எழுந்தால் பதினைந்து உயிர் போகும். உங்கள் அக்கா வந்ததும் பதினாறாவதும் போகும்.

அடைக்கோழி பாதியில் எழுந்து போய்விட்டதால், அக்கா அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அறுபது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு முட்டைகளைக் காத்து வந்தாள். குஞ்சு பொரிக்கிற நேரம். இன்று காலை சந்தைக்குக் கிளம்பும்போது, "முட்டையப் பாத்துக்கோங்க. பல்பத் தொடாதீங்க" என்றாள். தொட்டிருக்கவே மாட்டேன். நீங்கள்தான் அந்த மின்சாரம் அளக்கும் மீட்டரைப் பரிசாகக் கொடுத்து, "அத்தான், வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா மின்தடை, ரெண்டையும் பெருக்கினா வாட், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து கை சும்மா இருப்பதில்லை. வோல்ட் இருநூற்று முப்பது. ஆம்பியரை அளக்க ஒயரை வெட்டி மீட்டரை நடுவில் சேர்க்க வேண்டும்; அது அக்காவின் ஒயர், யாருக்குத் துணிச்சல்? அதனால் பல்பைக் கழற்றி, ஆறவைத்து, நேரே மின்தடையையே அளந்தேன். அறுபத்தைந்து ஓம். வோல்ட்டை அதனால் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். பெருக்கினால் எண்ணூற்றைந்து வாட்! நம் இஸ்திரிப் பெட்டியே எழுநூற்றைம்பதுதான். அறுபது என்று அச்சடித்து ஏமாற்றியிருக்கிறார்கள், நாங்களும் முட்டைக்கு மேல் இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறோம். இத்தனை நாள் எப்படி வேகவில்லை என்று கேட்காதீர்கள், கோபம் வரும். பல்பைத் திரும்ப மாட்டாமல், முட்டைகளை மடிக்கு மாற்றிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "காய்ச்சலா சார்? எழுந்திரிங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். "இழுக்காதீங்க, உடைஞ்சிரும்!" என்று கத்தினேன். மனுஷன் எலும்பு என்று நினைத்து ஓடிவிட்டார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று சிரிப்பீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. எடுக்கும்போதே முட்டைகள் கொஞ்சம் ஆறித்தான் இருந்தன. தூக்கத்தை விட்டு எழுந்து எழுந்து இவற்றைப் புரட்டி வைத்தவள் அவள். ஒன்று கெட்டாலும் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? முட்டைகளைக் காப்பாற்றியது அத்தான்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல்பு கம்பெனியை விடாதீர்கள், பேப்பருக்கு எழுதுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் மீட்டர் பக்கமே போகாமல் நீடூழி வாழ என் ஆசி.

இப்படிக்கு,
அசைய முடியாத அத்தான்

பின்குறிப்பு: பேப்பருக்கு எழுத வேண்டாம். அக்கா வந்துவிட்டாள். "எரியவிட்டு அளந்தீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். நான் உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல, மெயினை அணைத்து, ஒயரை வெட்டி, மீட்டரை நடுவில் சேர்த்து, பல்பை எரியவிட்டாள். கால் ஆம்பியருக்குச் சற்று மேல். பெருக்கினால் அறுபது வாட். வகுத்தால் எண்ணூற்று எண்பது ஓமுக்கும் மேல். இழை சூடேறினால் தடையும் ஏறுமாம். இதை நீங்கள் சொல்லாததால் தப்பு உங்களுடையது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். முட்டைகளைப் பெட்டிக்கு மாற்ற அவள் கம்பளியை விலக்கினாள். ஒரு குஞ்சு என் மடியிலேயே முட்டை ஓட்டைக் கொத்தி உடைத்துக்கொண்டு வந்து, ஈரத் தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கலங்கவில்லை. "நாளைக்கு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க. அது இனி அம்மாவ விட்டு இருக்காது" என்றாள்.