டாமிக்கு எடுத்து வைத்த புத்தகம்

அறிவொளி நகர் நலச்சங்க நூலகம்,
மாடம்பாக்கம் பக்கம்.
ஞாயிறு, காலை பதினோரு மணி.

அன்பு மச்சான் யாசீனுக்கு, உங்கள் அக்காவைக் கைப்பிடித்த ஹனீஃபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கு நானும் உங்கள் அக்கா ஷாயிஸ்தாவும் சுகம். அவள் முழுச் சுகம், நான் உடம்பளவில் சுகம். படப்பையில் நீங்களும் பிள்ளைகளும் பெயின்ட் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

படப்பை என்ன பர்மாவிலா இருக்கிறது, போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அக்கா காதில் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யார் யார் காதில் விழும் என்று எனக்கே தெரியாது. நேற்று நடந்ததற்குப் பிறகு எந்தப் பொத்தானையும் நம்பி அமுக்க முடியவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன பெருநாளுக்கு வந்திருந்தபோது, "மச்சான், இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் பழைய புத்தகங்களோட மல்லுக்கட்டுவீங்க, நம்ம கடைல வந்து உட்காருங்க" என்று சொன்னீர்களே, அந்த நாற்காலி காலியாக இருக்கிறதா? இருந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து வந்துவிடுகிறேன். சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறம் சொல்லத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது என்பது இந்த ஐந்து வாரத்தில் நிரூபணமாகிவிட்டது.

எல்லாம் எங்கள் காலனி சங்கச் செயலாளர் சத்யநாராயணன் சாரிடமிருந்து ஆரம்பித்தது. பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "ஹனீஃபா சார், ரெண்டு மாசத்துல ஆன்லைன்ல முப்பது பேராவது புக் ரிசர்வ் பண்ணணும். இல்லேன்னா கமிட்டி இந்த ஹாலை ஜிம்மா மாத்திடும். எனக்கு ஒண்ணும் இல்ல சார், சின்னவங்க கேக்கறாங்க" என்றார். எனக்கு ஆன்லைன் என்றால் மின்சார பில் கட்டுவது, அதுவும் உங்கள் அக்காதான் கட்டுவாள். அதையும் அவரே யோசித்து வைத்திருந்தார். கோவிலம்பாக்கத்திலிருந்து ஜெரூஷா என்று ஒரு பெண், என்னைப் போன்ற நூலகக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே வகுப்பு எடுக்கிறதாம், புதன்கிழமை தோறும் மூன்று மணிக்கு. பணத்தைக் கட்டி என் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசவே வந்திருக்கிறார்.

முதல் வாரம் கடவுச்சொல். ஜெரூஷா, "யாருக்கும் தெரியாத இடத்துல, ஆனா உங்களுக்கு மறக்காத இடத்துல வெச்சுக்கோங்க சார்" என்றது. இருபத்தாறு வருடமாக எனக்கு மறக்காத இடம் எது? அட்டவணை அலமாரிதான். ஓர் அட்டையில் மேலே 'கடவுச்சொல்' என்று தலைப்பிட்டு, கீழே அதை எழுதி, 'க' வரிசையில் சரியான இடத்தில் சொருகினேன். மறுநாளே தினசரி வாசகர் ஸ்ரீநிவாசராகவன் சார் அந்த அட்டையோடு வந்து நிற்கிறார். "ஹனீஃபா, 'கடவுள் சொல்'னு புதுசா ஒரு புஸ்தகம் வந்திருக்கு போலிருக்கே, யார் எழுதினது? ஆசிரியர் பேர் இருக்க வேண்டிய இடத்துல ஏதோ நம்பரும் ஸ்டாருமா இருக்கே?" அப்படி ஒரு புத்தகம் இல்லை என்றால் நம்பவில்லை. எனக்கு வேண்டியவர்களுக்காக ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாம் வாரம் வலைப்பூ. "சும்மா டெஸ்டுக்கு ஏதாவது ஒரு வரி எழுதிப் பாருங்க" என்றது அந்தப் பெண். ஏதாவது ஒரு வரி என்றால் கைக்கு என்ன வரும்? இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய ஒரே வரி, 'நாளை நூலகம் விடுமுறை'. அதை எழுதினேன், பொத்தானை அமுக்கினேன், கூடவே காலனி வாட்ஸ்அப் குழுவுக்கும் அது தானாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மூன்று நாள், கைபேசியே இல்லாத ஸ்ரீநிவாசராகவன் சாரைத் தவிர ஓர் ஆள்கூட வரவில்லை. தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் 'நாளை விடுமுறை' என்றே இருந்ததாம். நாளை எப்போது முடியும் என்று ஜனங்கள் காத்திருந்திருக்கிறார்கள். வாசிப்பே செத்துவிட்டது என்று நான் மனம் நொந்து உட்கார்ந்திருந்தேன். பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "இன்னிக்காவது தொறப்பீங்களா சார்?" என்று கேட்ட பிறகுதான் விளங்கியது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை மச்சான். ஐந்தாம் வாரம்தான் ஃபார்ம்.

புத்தகம் வேண்டுகிறவர்கள் வீட்டிலிருந்தபடியே கைபேசியில் பூர்த்தி செய்து அனுப்புவது. ஜெரூஷா நல்ல எண்ணத்தில், "புதுசா செய்ய வேண்டாம் சார், ஏற்கெனவே இருக்கறதை காப்பி எடுத்து உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க" என்று ஐந்து மாதிரிகள் அனுப்பியது. அதில் ஒன்றில் நாலே கேள்விகள். பெயர். வயது. இனம். கடைசியாகப் போட்ட தேதி. எனக்காகவே செய்தது போலிருந்தது. வாசகர் பெயர், வயது, எந்த இனப் புத்தகம் வேண்டும், கடைசியாகப் புத்தகம் போட்ட தேதி. எங்கள் நூலகத்தில் திருப்பிக் கொடுப்பதைப் 'போடுவது' என்றுதானே சொல்வோம்? ஓரத்தில் பூப்போட்ட கரை வேறு, நாலு சின்ன இதழ், நடுவில் ஒரு பெரிய இதழ். தலைப்பை மட்டும் அழித்து 'அறிவொளி நகர் நூலகம், முன்பதிவு' என்று மாற்றிக் குழுவில் போட்டேன். குழுவில் உள்ளவர்கள் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் திறந்து பார்க்கிறேன், முப்பத்தெட்டு பேர்! மச்சான், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். டாமி, வயது நாலு. ராணி, வயது இரண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குப் புத்தகம் எடுக்கும் பெற்றோர் இந்தத் தாம்பரத்திலா என்று கண் கலங்கிவிட்டது. மணி, வயது ஏழு, இனம் 'நாட்டு' என்று பாதியில் நிறுத்தியிருந்தான், நாட்டுப்புறக் கதைகள் எடுத்து வைத்தேன். நிறைய பேர் 'கலப்பு' என்று போட்டிருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் சிறுகதைத் தொகுதி. புரூனோ, வயது ஆறு, இனம் லாப்ரடார். அப்படி ஓர் இலக்கியம் நான் கேள்விப்பட்டதில்லை. விடுவேனா? உலக வரைபட நூலை எடுத்துத் தேடினால் அது கனடாப் பக்கம் ஒரு கடற்கரை. பொமரேனியன் என்றவர்களின் பொமரேனியா ஐரோப்பாவில் இருக்கிறது. ஆக இவர்கள் பயண நூல் பிரியர்கள். புரூனோவுக்கு வடதுருவக் கப்பல் பயணத்தின் முதல் பாகத்தை எடுத்து வைத்தேன். லட்டு, வயது ஒன்று, இனம் பூனை. படக்கதை. ஒருவர் மட்டும் கடைசியாகப் போட்ட தேதிக்கு நேராக 'இதுவரை போட்டதே இல்லை' என்று எழுதியிருந்தார். இவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று குறித்து வைத்தேன்.

முப்பத்தெட்டுப் புத்தகத்துக்கும் துண்டுத் தாளில் பெயர் எழுதிச் சொருகி வரிசையாக அடுக்கினேன். சத்யநாராயணன் சாரிடம் சொன்னதும் அவருக்கும் பெருமை, "சனிக்கிழமை கமிட்டியோட வந்து பாக்கறேன்" என்றார்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, பெருக்கித் துடைக்கும் முனியம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "சார், வெளிய வந்து பாரு. நாய்ங்க லைன்ல நின்னுகினு கீது. இன்னா, அதுங்களுக்கும் கார்டு போடப் போறியா?"

எட்டிப் பார்த்தேன். கேட்டிலிருந்து தண்ணீர் டேங்க் வரைக்கும் ஜனம். ஆளுக்கொரு நாய். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் புரியவில்லை. காலை நடைக்கு நாயோடு கிளம்பியவர்கள் அப்படியே புத்தகம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றே நினைத்து, வாங்க வாங்க என்று கும்பிட்டேன். முதலில் நின்றவர் சாம்பசிவன், கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், கன்றுக்குட்டி அளவுக்கு ஒன்றைப் பிடித்திருந்தார்.

"புரூனோ பேர்ல புக் பண்ணிருந்தேன்."

"எடுத்து வச்சிருக்கேன் சார். தம்பி வரலியா?"

"இதோ நிக்கறானே."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். "எங்க சார்?"

"கீழ பாருங்க."

பார்த்தேன். அது என் வேட்டியை ஒரு நக்கு நக்கியது.

"டாக்டர் வந்தாச்சா?" என்றார்.

"டாக்டர் எதுக்கு சார்?"

"ஊசி போடத்தான்."

"லைப்ரரில எதுக்கு சார் ஊசி?"

வரிசையில் ஒரு கூடையோடு நின்ற மிருதுளா என்ற பெண் தன் கைபேசியை நீட்டி, ஃபார்மின் அடியில் என் கண்ணாடிக்கு எட்டாத எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தாள். "வெறிநாய்த் தடுப்பூசி இலவசம். சனிக்கிழமை காலை பத்து மணி. செல்லப் பிராணிகளைக் கட்டி அழைத்து வரவும்." படித்துவிட்டு, "இது பூ இல்ல சார், பாதம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கூடையிலிருந்து லட்டு குதித்தது. வரலாற்று அலமாரியின் உச்சிக்கு ஏறிவிட்டது. புரூனோ சங்கிலியோடு உள்ளே பாய, அதன் பின்னால் சாம்பசிவன் சார் இழுபட்டு வர, அவர் பின்னால் இன்னும் ஏழெட்டு. சோழர்கள், பல்லவர்கள் எல்லாம் தலைகுப்புற விழுந்தார்கள். வெளியே நிற்பவை குரைக்க, உள்ளே இருப்பவை பதில் சொல்ல, ஸ்ரீநிவாசராகவன் சார் நாளிதழைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நிற்க, கமிட்டி உள்ளே நுழைந்தது.

"இன்னாத்துக்குக் கத்துற? இது லைப்ரரி!" என்று முனியம்மா துடைப்பத்தைத் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. இருபத்தாறு வருடமாக என் 'அமைதி காக்கவும்' பலகையால் முடியாத காரியம்.

அந்த அமைதியில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிழை என்னுடையது, டாக்டர் இல்லை, ஊசி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வெயிலில் வந்தவர்களை வெறும் கையோடு எப்படி அனுப்புவது என்று தெரியாமல், எடுத்து வைத்த புத்தகங்களைப் பெயர் கூப்பிட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். டாமி! ராணி! மணி! சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டிக்கொண்டே வாங்கினார்கள், சிலர் வாங்காமலே போனார்கள். சாம்பசிவன் சார், "என்னய்யா வெளயாடறீங்களா?" என்று கத்திவிட்டு, ஆனாலும் புரூனோவின் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். சத்யநாராயணன் சார் என் தோளில் கை வைத்து, "நாளைக்குச் சாயங்காலம் மீட்டிங். வரும்போது சாவியைக் கொண்டு வந்துடுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேட்டியை நாய் நக்கியதால், லுஹர் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போய்க் குளித்து உடை மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று அக்கா கேட்டாள். நூலகத்தில் குழாய் உடைந்தது என்றேன். இதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை.

மச்சான், இத்தனை வருடத்தில் ஓர் ஆளுக்குக்கூடத் தப்பான புத்தகத்தைக் கொடுத்தவன் இல்லை நான். இப்போது ஒரே தடவையில் முப்பத்தெட்டுப் பேருக்குத் தப்பாக எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமைச் சந்தோஷத்தை நினைத்தால்தான் அதிக வெட்கமாக இருக்கிறது. விழுந்த புத்தகங்களை அடுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். இனி நான் இந்த இணையத்துக்கு லாயக்கில்லை. சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிடுவேன். நாற்காலி விஷயம் மட்டும் ஒரு வரி எழுதுங்கள், அக்காவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் தொழிலில் பரக்கத் பெருகவும், பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வரவும், எந்த ஃபார்மையும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கும் கண் பார்வை அவர்களுக்கு நிலைக்கவும் என் துஆ. எல்லோருக்கும் சலாம்.

அன்புடன்,
ஹனீஃபா

பி.கு.: தபால்தலை ஒட்டியாகிவிட்டது, கிழித்துப் போட மனமில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காதது போல் விட்டுவிடுங்கள். மீட்டிங் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். சாவியை மேஜையில் வைத்தேன். யாரும் எடுப்பதற்குள் சாம்பசிவன் சார் எழுந்து, "விடிய விடிய படிச்சேன். முதல் பாகத்துல கப்பல் ஐஸ்ல மாட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. ரெண்டாம் பாகம் எங்க இருக்கு? ஜிம்முல கிடைக்குமா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது, நேராகப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். நாயின் பெயரில் வந்தது முன்பதிவுக் கணக்கில் சேருமா என்று ஒருவர் கிளப்பினார். சத்யநாராயணன் சார் முப்பது முன்பதிவு வேண்டும் என்ற கமிட்டித் தீர்மானத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அதில் மனிதர்தான் என்று எங்கும் எழுதவில்லை என்று சொல்லிச் சாவியை என் பக்கமே தள்ளிவிட்டார். ஜிம் மொட்டை மாடிக்குப் போகிறது. நாற்காலியில் வேறு நல்ல ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள். இன்னொரு விஷயம், இதெல்லாம் எப்படியோ ஜெரூஷா காதுக்குப் போய்ச் சற்று முன் போன் செய்தது. 'இணையம் வழியே வாசகர்களை வரவழைப்பது எப்படி' என்று மற்ற நூலகக்காரர்களுக்கு வரும் புதன்கிழமை நான் பாடம் எடுக்க வேண்டுமாம். எப்படி வந்தார்கள் என்று எனக்கே தெரியாது என்றேன். "அதையே சொல்லுங்க சார்" என்கிறது. மூன்று மணிக்கு ஆரம்பம், அந்த நேரத்துக்கு மட்டும் எனக்காக ஒரு துஆ செய்துவிடுங்கள்.