கொசுறு கணக்கில் வராது

மழை பெய்த வருடமும் பொய்த்த வருடமும் தராசு மட்டும் ஓயாத நாடு ஒன்று இருந்தது. நிறைகோல் நாடு என்று பெயர். அந்த நாட்டுச் சனங்களுக்கு ஒரு பழக்கம். எதை வாங்கினாலும், அளந்து முடித்த பிறகும் முந்தானையை மடக்க மாட்டார்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு கை அரிசியோ நாலு மிளகாயோ சும்மா போடுவார். அதுதான் கொசுறு. அது விழாவிட்டால், அளவு சரியாக இருந்தாலும் ஏமாந்துபோன மாதிரியே வீட்டுக்கு நடப்பார்கள். விருந்தாளி தின்றதையும், பிள்ளை உடைத்ததையும், கொசுறாக வந்ததையும் எண்ணக்கூடாது என்பது அங்கே பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். கொசுறு கணக்கில் வராது என்பார்கள்.

இந்த முந்தானைகளை அரசர் ஒருநாள் உப்பரிகையில் நின்று பார்த்தார். பார்த்தவர் சிரித்தார் என்கிறார்கள்.

முதல் ஆணை கருணையோடு வந்தது. பல கடைகளில் அலைந்து குடிகளின் கால் தேய்வதால், எல்லாக் கடைகளும் மூடப்பட்டு, அரசாங்காடி என்ற ஒரே கடை திறக்கப்பட்டது. அடுத்த ஆணையை அன்புத்துறை அமைச்சரே யானை மேலிருந்து வாசித்தார்.

“குடிகளே, சும்மா கிடைக்கும் அன்புக்கு மதிப்பில்லை. ஆகவே இனிமேல் கொசுறு அன்பர்களுக்கு மட்டுமே. வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதக் கூலியைச் செலுத்துவோர் அன்பர் ஆவர். அவர்கள் கையில் செப்பு வளையல் பூட்டப்படும். ஒவ்வொரு கொசுறுக்கும் அதில் ஒரு கீறல் இடப்படும். அது அழகுக்காக.”

அதே வாரம் அரசாங்காடியில் அரிசி அளக்கும் படியின் அடித்தகடு கொஞ்சம் உள்ளே ஏறியது. வளையல் போட்டவர்களுக்குக் கொசுறும் சேர்ந்து பழைய படி அளவு வந்தது. போடாதவர்களுக்குக் குறைந்தது. அதனால் எல்லோரும் போட்டார்கள். போட்ட பிறகு, கட்டிய காசை எடுக்க வேண்டுமே என்று தேவையில்லாததையும் வாங்கினார்கள். பல் போன கிழவர் முறுக்கு வாங்கிப் போனார். விளக்கே இல்லாத வீட்டில் எண்ணெய் சேர்ந்தது. லாபமா நட்டமா என்று யாராவது கேட்டால், “கொசுறு கெடைக்குதுல்ல” என்றார்கள். அதற்கு மேல் பேச்சு போகாது.

நாட்டில் தேர்தலும் நடந்தது. வளையல் போட்ட கைகள் மட்டும் ஓலை போடலாம். இரண்டு குடங்கள் வைத்திருந்தார்கள். ஒன்றில் ‘ஆம்’ என்று எழுதியிருந்தது. மற்றதில் ‘பிறகு ஆம்’ என்று எழுதியிருந்தது. இரண்டாவது குடத்தில் ஓலை போட்டவர்கள் வீட்டுக்கு மறுநாளிலிருந்து தினமும் ஒருவர் வந்து, பிறகு ஆகிவிட்டதா என்று வாசலில் நின்று கேட்டார்.

அரசாங்காடியில் மூட்டை சுமந்தவன் காத்தான். வருடம் முடிந்து வளையலைப் புதுப்பிக்கும் நாளில் அவன் வெறுங்கையோடு வரிசையில் நின்றான்.

“ஏன் புதுப்பிக்கவில்லை?” என்று கேட்டார் அளவையாளர்.

“கட்டுபடியாகலீங்க.”

“அரசர் மேல் உனக்கு அன்பு இல்லையா?”

“அன்பு கெடக்குங்க நெறைய. அதுக்கு வாடகை கட்டத்தான் முடியல.”

வரிசை சிரித்தது. சிரித்தவர்கள் உடனே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று மாலைக்குள் காத்தானின் குடிசை பிரிக்கப்பட்டது. அன்பு குறைந்தோரை அரசாங்காடியின் நிலவறைக்குக் கொண்டுபோவது வழக்கம். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. அவர்களுடைய வளையல்கள் மட்டும் உருக்கப்பட்டு வேறு கைகளில் திரும்பி வந்தன. காவலர் வருமுன் காத்தான் அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டான். அக்கா சின்னப்பேச்சி புருசனை இழந்தவள். ஆற்றங்கரைக் கட்டுமானத்துக்குக் கல் சுமந்து ஒண்டியாகப் பிழைத்தாள்.

“ஆத்துல வெள்ளம் வடியிற வரைக்கும் இருந்துக்குறேன்க்கா. வடிஞ்சதும் அக்கரைக்குப் போயிடுவேன். அங்க இவங்க படி செல்லாது.”

“பரண் மேல ஏறு மொதல்ல. தும்மல் வந்தா துணியக் கடி.”

“ரெண்டு பேருக்கு அரிசி வாங்குனா கேப்பாங்களே.”

“நான் எதுக்கு ரெண்டு பேருக்கு வாங்குறேன். வழக்கம்போல எனக்குத்தான் வாங்குவேன். ஒனக்குக் கொசுறு. கொசுறு என்ன கணக்குலயா வரப்போவுது?”

காத்தானுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அந்த நாட்டில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

அன்றிலிருந்து சின்னப்பேச்சி ஒரு படியாக வாங்கியதைக் கால்கால் படியாக நாலு நடை போய் வாங்கினாள். ஒவ்வொரு நடைக்கும் முந்தானையை விரித்தாள். ஒவ்வொரு தடவையும் அளவையாளர் அரத்தை எடுத்து வளையலில் ஒரு கீறல் போட்டார். கொசுறையெல்லாம் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி, கல் சுமந்து வந்த கையாலேயே பரணுக்கு ஏற்றினாள்.

அடுத்த வீட்டு ஒச்சாயி ஒருநாள் கிணற்றடியில் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“என்னடி இது, வளையல் கருக்கருவா கணக்கா பல்லு பல்லா இருக்கு? கொசுறுப் பேய் புடிச்சிருச்சா ஒனக்கு?”

“வேலை சாஸ்தி. பசிக்குது மதினி.”

ஒச்சாயி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் சின்னப்பேச்சியை உஷாராக்கியது. அதன்பிறகு வளையலை முந்தானைக்குள் மூடிக்கொண்டே நடந்தாள். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

வெள்ளம் முழங்காலுக்கு வடிந்த அன்று காலை, தெருமுனையில் மேளம் கேட்டது. மேளத்துக்குப் பின்னால் காவலர்கள், அண்டாவோடு சமையல்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் அன்பு அதிகாரி நெடுஞ்சடையர். ஊர்வலம் சின்னப்பேச்சியின் வாசலில் நின்றது.

“பேரன்பர் சின்னப்பேச்சியின் இல்லம் இதுதானே?”

அவள் வளையல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதிகாரி அவள் கையைத் தூக்கி, கட்டைவிரலால் கீறல்களை மெல்லத் தடவி எண்ணினார்.

“நாட்டிலேயே அதிகம் கொசுறு பெற்றவர் நீங்கள். அரசர் பாராட்டுகிறார்.”

“சாமி, அது கொசுறுதானுங்களே. அதப் போயி எண்ணுவாங்களா?”

“நீங்கள் வாங்குவது உங்கள் வயிற்றுக்கு. அதை எண்ணி எமக்கு என்ன ஆகப்போகிறது? கொசுறு எமது அன்பு. அதை மட்டும்தான் எண்ணுகிறோம்.” அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “இங்கே எத்தனை பேர்?”

“ஒருத்திதாங்க.”

“ஒருவரே இத்தனை அன்பையும் உண்டீர்களா?”

“கல்லு சுமக்குறவளுங்க. பசி கூடுதல்.”

“நாட்டுக்கே பெருமை. குடிகள் காண உண்டு காட்டுங்கள்.”

இலை விரித்தார்கள். அண்டாவிலிருந்து சோற்றைக் குன்றாகக் கொட்டினார்கள். தெரு முழுக்க வாசலில் கூடியது. மேளம் நின்றது. சின்னப்பேச்சி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.

பாதிக் குன்று இறங்கும்போது பரணில் பலகை முனகியது. ஒச்சாயி சட்டென்று குடத்தைத் தரையில் தொப்பென வைத்தாள். “தண்ணியக் குடிச்சுட்டுத் தின்னு பேச்சி” என்று உரக்கச் சொன்னாள். கூட்டத்தில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அதிகாரி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இலையை மட்டும் பார்த்தார்.

சின்னப்பேச்சியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கை வாய்க்குப் போனது, வாய் திறக்கவில்லை.

“மீதி இருக்கிறதே” என்றார் நெடுஞ்சடையர், மரியாதையாக.

அவள் இன்னொரு கவளத்தை உருட்டினாள். அது இலையிலேயே உதிர்ந்தது. காவலன் ஒருவன் பரண் ஏணியின் பக்கம் நடந்தான். அவன் கால் வைக்குமுன், மேலிருந்து காத்தான் இறங்கினான். வெளிச்சம் கூசியதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து, அக்காவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“மீதிய நான் சாப்புடுறேன்” என்றான்.

சாப்பிடுகிறவனை இலையிலிருந்து எழுப்புவது அந்த நாட்டில் பாவம். அதிகாரி அந்தப் பழக்கத்துக்கு மட்டும் மதிப்புக் கொடுத்தார். காத்தான் தின்பதைத் தெரு பார்த்துக்கொண்டு நின்றது.

“மெதுவா தின்னுடா” என்றாள் அக்கா.

அவன் மெதுவாகத்தான் தின்றான். ஒவ்வொரு பருக்கையாகத் தின்றான். ஆனாலும் இலை காலியானது. கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவனைக் கூட்டிப்போனார்கள். சின்னப்பேச்சியை ஒன்றும் செய்யவில்லை. பேரன்பர் பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டுவிட்டே போனார்கள்.

மறுநாள் அரசாங்காடி வழக்கம்போலத் திறந்தது. சின்னப்பேச்சியும் போய் நின்றாள். போகாமல் இருந்தால் அது வேறு குற்றம். அவளுக்கு முன்னால் நின்றவள் அரிசியை வாங்கியதும் முந்தானையை அவசரமாக மடக்கினாள்.

“கொசுறு?” என்றார் அளவையாளர்.

“வேணாங்க. நான் ஒருத்திதான்.”

அடுத்து ஒரு வண்டிக்காரர். “எனக்கும் வேணாம். வீட்ல நான் ஒருத்தந்தான்.” ஒச்சாயிக்குப் புருசனும் மாமியாரும் இருப்பது தெருவுக்கே தெரியும். அவளும் அதையேதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வீட்டுப் பரண்களிலும் ஆள் இருக்கிறது என்பது சின்னப்பேச்சிக்கு அப்போதுதான் விளங்கியது. அளவையாளருக்கும் விளங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நெடுஞ்சடையர் வந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முறை வந்தது. அதிகாரி சிரித்தார்.

“பேரன்பரே, இப்போது நீங்கள் உண்மையாகவே ஒருவர். ஒளிக்க ஏதுமில்லை. நீங்கள் தாராளமாக வாங்கலாம். ஒளிக்க ஏதுமில்லாதவர் எப்படி வாங்குவார் என்று இவர்கள் பார்க்கட்டும். நாமும் பார்க்க வேண்டும்.”

அளவையாளர் ஒரு கை அரிசியை அள்ளி நீட்டினார். சின்னப்பேச்சி அந்த அரிசியைப் பார்த்தாள். தம்பிக்கு ஒரு வேளைக் கஞ்சி அது. வாங்கினால், வாங்காதவர்கள்தான் ஆளை ஒளித்திருப்பவர்கள் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

“வேணாங்க” என்றாள். “நான் ஒருத்திதான்.”

அளவையாளர் அரிசியை எங்கே போடுவதென்று தெரியாமல் கையை நீட்டியபடியே நின்றார். அதிகாரி அடுத்த முகத்தைப் பார்த்தார், அதற்கடுத்த முகத்தைப் பார்த்தார். வரிசை அரசாங்காடியின் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அரண்மனை மதில் வரைக்கும் போயிருந்தது. காவலர்களின் பெண்டாட்டிகளும் அதில் நின்று முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தார்கள்.