செமினாரும் தகப்பன்மாரின் கையெழுத்தும்

வெள்ளவத்தை,
2001 ஆவணி, வெள்ளிக்கிழமை

ரொறன்ரோவில் பேரும் புகழுமாய் விளங்கும் அன்பு மச்சான் ஸ்ரீஸ்கந்தராசா அறியவேண்டியது,

நானும் உமது தங்கச்சி அருந்ததியும் இங்கு சுகம் என்று எழுதத்தான் குந்தினேன். பேனை மறுக்கிறது. அருந்ததி சுகம். எனக்கு இரத்தக் கொதிப்பு, அதற்குக் காரணம் நீர். முழுக்க வாசியும், பாதியில் மடித்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகவேண்டாம்.

போன வருஷம் ஸஹாப்தீன் நடத்தும் தனியார் கல்லூரியில் எனக்குக் கணினி வலையமைப்புப் பாடம் கிடைத்தபோது நாங்கள் பாயசம் வைத்தது சம்பளத்துக்காக அல்ல. யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரன் கொழும்பில் ஏன் நிற்கிறான் என்று பொலிஸ் கேட்டால் காட்டுவதற்கு ஒரு வேலைக் கடிதமும் கழுத்தில் தொங்க ஒரு கல்லூரி அட்டையும் வந்தனவே, அதற்காக. அவை இருந்தால் நான் விரிவுரையாளர். இல்லாவிட்டால் பிளாட்டில் ஒளிந்திருக்கும் மர்ம மனிதன். அந்தச் சந்தோஷத்தில் ரெலிபோன் எடுத்த எனக்கு நீர் என்ன சொன்னீர்? "சிவானந்தன், நோட்ஸ் சொல்லிப் பிள்ளையளைக் கொல்லாதையும். இஞ்ச பல்கலைக்கழகத்திலை செமினார் எண்டு நடத்துறவை. கிழமைக்கு ஒரு பிள்ளை ஒரு கட்டுரையைப் படிச்சுக்கொண்டு வந்து கதைக்கும், மற்றதுகள் கேள்வி கேக்கும். நீர் சும்மா ஓரமா இரும்." சும்மா இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் நான் பிறந்ததே அதற்குத்தான் என்று எனக்குப் பட்டது.

முதல் வகுப்பில் "வணக்கம்" என்றேன். எல்லாரும் குனிந்து "வணக்கம்" என்று கொப்பியில் எழுதினார்கள். ரியூட்டரியில் நோட்ஸ் எழுதியே வளர்ந்த பிள்ளைகள், பாவம். அந்த வாய்களைத் திறக்க நான் பட்ட பாட்டைப் பல் வைத்தியனும் பட்டிருக்கமாட்டான். ஆனால் திறந்தன மச்சான். கௌரி என்றொரு பிள்ளை, பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் உயர்த்தும், அனுப்பிய செய்தியில் ஒரு துண்டு வழியில் தொலைந்தால் என்ன நடக்கும் என்று ஒருநாள் கதைக்க வந்தது. "துலைஞ்சதோ, சுணங்கிப் பிந்தி வருகுதோ எண்டு அனுப்பினவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன் மடக்கினான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியாதுதான். நாங்கள் வன்னிக்குக் காயிதம் போட்டிட்டு என்ன செய்யிறனாங்கள்? கொஞ்ச நாள் பாப்பம், மறுமொழி வராட்டி இன்னொண்டு போடுவம். பிறகு ரெண்டும் ஒண்டாப் போய்ச் சேரும்," என்றாள். புத்தகத்தில் ஆறு பக்கம் கிடக்கிற விஷயம். நான் ஓரமாகத்தான் இருந்தேன், ஆனால் சும்மா இருக்கவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

இனித்தான் வயிற்றெரிச்சல். கடைசி வகுப்பில் மாணவர்கள் ஆசிரியரைப் பற்றிக் கருத்து எழுதவேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் அடுத்த பருவத்துக்கு எனக்குக் கடிதமாம். படிவத்தைக் கொடுத்து முடிய மின்வெட்டு வந்தது. ஸஹாப்தீன், "வீட்டுக்குக் கொண்டு போய் நிரப்பிட்டு வாங்க" என்றுவிட்டார். எங்கள் சனத்தைத் தெரிந்தவன் செய்கிற வேலையா இது? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடதாசியை எங்கள் வீடுகளில் பிள்ளையா நிரப்பும்? தகப்பன்மார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெயர் எழுதவேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு நேர் கீழே எல்லாரும் முழுப்பெயரும் உத்தியோகமும் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள்; ஒருவர் றப்பர் முத்திரையும் குத்தியிருந்தார்.

"ஆசிரியர் படிப்பிப்பதில்லை. பிள்ளைகளே படிப்பிக்கிறார்கள்" என்று ஒருவர். "என் மகனிடம் ஆசிரியர் கேள்வி கேட்டார். விடை தெரிந்தால் அவன் ஏன் அங்கு வருகிறான்?" என்று இன்னொருவர். பாட உள்ளடக்கம் பற்றிய கட்டத்தில் ஒரு தாய், "சேர் கொக்குவிலோ கோண்டாவிலோ, ஆருடைய பகுதி?" என்று என் ஊரையும் உறவையும் விசாரித்திருக்கிறார். எல்லாவற்றிலும் மேலாகக் கௌரியின் தகப்பன் நாகேந்திரம், இளைப்பாறிய கிளாக்கர்: "இவ்வகுப்பின் பின் மகள் வீட்டில் எதிர்த்துக் கதைக்கிறாள். நான் எதைச் சொன்னாலும் என்ன ஆதாரம் அப்பா என்கிறாள். தயவுசெய்து நிற்பாட்டவும்."

ஸஹாப்தீன் என்னை இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். அதிலேயே கெட்ட செய்திதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. "சேர், நான் ஒங்களக் குத்தம் செல்லல்ல. வாப்பாமார் கேக்குறாங்க, நோட்ஸ் எங்க எண்டு. இப்புடியே போனா ஒங்கட கடிதத்துல நான் எப்புடி ஸைன் வெக்கிற?"

எனக்கு வந்ததே ஒரு விசர். "ஒரு பெட்டைப்பிள்ளை ஆதாரம் கேக்கிறது குற்றமெண்டால் உந்தக் கல்லூரியைப் பூட்டிப்போட்டுக் கோழிக்கடை திறவும்," என்றேன். அட்டையைக் கழற்றி மேசையில் எறிந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். குடையை அங்கேயே விட்டுவிட்டதால் நிமிர்ந்த நெஞ்சு முழுக்க மழையில் நனைந்தது.

அருந்ததியிடம் சொன்னால் அவள் உம்மை ஒரு சொல் ஏசுவாள் என்று ஆசையோடு வந்தேன். "அண்ணை கனடாவுக்குத்தானே சொன்னவர், வெள்ளவத்தைக்கோ சொன்னவர்?" என்கிறாள். கேட்டீரா நியாயத்தை?

ஆகவே இதனால் அறிவிப்பது: நான் நோட்ஸ் கொடுக்கமாட்டேன். அந்தக் கல்லூரி வாசலை மிதிக்கமாட்டேன். உம்மிடம் இனி ஒரு புத்தியும் கேட்கமாட்டேன். மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல படிப்போடும் இருக்கப் பிள்ளையார் துணை நிற்பாராக. உமக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத
க. சிவானந்தன்

பி.கு.: இதைப் போடத் தபாற்கந்தோர் போகும் வழியிலேயே காலி வீதிச் சோதனைச் சாவடியில் என்னை மறித்துவிட்டார்கள். "மெஹே மொகத கரன்னே?" என்று கேட்டான் பொலிஸ்காரன், இங்கே என்ன செய்கிறாய் என்று. கை தன்பாட்டில் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. அட்டையைக் கோபத்தில் எறிந்துவிட்டேன் என்று சொல்ல என் சிங்களம் காணாது. மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள் மச்சான், பகிடி இல்லை. கண்ட ஆரோ வீட்டில் அறிவிக்க, அருந்ததி கல்லூரிக்கு ஓடிப்போய்ச் சொல்ல, ஸஹாப்தீன் ஓட்டோவில் வந்து, "அபே சேர்", எங்கள் சேர், என்று அவர்களிடம் சொல்லித் தன் கையாலேயே அட்டையை என் கழுத்தில் போட்டார். "கடிதத்துலயும் ஸைன் வெச்சிட்டேன். நோட்ஸ மட்டும் குடுங்க சேர்." ஓம் என்றேன். வேறென்ன சொல்வேன்?

கௌரியும் மற்றதுகளும் கேள்விப்பட்டு வந்தார்கள். "யோசியாதேங்கோ சேர். நோட்ஸை நாங்களே எழுதித் தாறம், நீங்கள் வாசியுங்கோ. வீட்டை காட்டக் கொப்பி நிரம்பினாக் காணும்தானே." இந்தக் கடிதம் இரண்டு கிழமை ஒட்டாமலே கிடந்தது. ஆகையால் மேலே எழுதிய எதையும் மனத்தில் வைக்காமல் செமினாருக்குப் புதிய கட்டுரைகள் இருந்தால் உடனே அனுப்பும்.

நேற்று முதல் நோட்ஸ். நான் வாசிக்க, எல்லாரும் குனிந்து எழுதினார்கள், ஸஹாப்தீன் வாசலில் நின்று திருப்தியாகப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் பக்கத்தில் கௌரி எழும்பி, "சேர், அது பிழை," என்றாள். அவள் எழுதித் தந்த வரிதான். நான் யோசித்து வாசிக்கிறேனா என்று பார்க்க வேண்டுமென்றே போட்ட பிழையாம். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.