பத்திரகாளியின் கோபம்

பத்திரகாளி அன்றைக்கும் முறுக்கைத் தொடவில்லை.

"நீயும் திங்கணும்னுதான சுடச் சொன்னேன்? ஒண்ணு எடுத்துக் கடிச்சா என்னவாம்?" என்று கேட்டார் தங்கச்சாமி.

"நீங்க சாப்பிடுங்க. நான் பொறவு பாத்துக்கிறேன்."

மனைவிக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று தங்கச்சாமி முடிவுகட்டினார். தீராததற்கும் காரணம் இருந்தது. திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் நடத்தும் அவருக்கு எழுபத்திரண்டு வயது. சிவகாசிப் பல் டாக்டர் அவருடைய தாடை எலும்பில் ஆறு திருகாணிகளை இறக்கி, எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளக் காத்திருந்து, மேலே பல் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. அத்தனை நாளும் கஞ்சி, குழைந்த சோறு, மசித்த பருப்பு என்று பார்த்துப் பார்த்துப் போட்டவள் பத்திரகாளி.

பல் வந்த கையோடு மனுஷன் என்ன செய்தார்? ஆமத்தூர்க் கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "எட்டு மாசமா இவ கையால கூழக் குடிச்சே நாக்கு செத்துப்போச்சுப்பா" என்றார். பந்தியே சிரித்தது. பக்கத்திலிருந்த பத்திரகாளி பாதிச் சாப்பாட்டோடு இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

பல்லுக்குத் திருகாணி போட்ட டாக்டர் நாக்குக்கும் ஒன்று போட்டிருக்கலாம் என்று அன்று ராத்திரியே அவருக்குத் தோன்றியது. ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. நாற்பத்தாறு வருஷமாக வீட்டுச் சண்டை எதையும் அவர் தின்பண்டத்தால்தான் தீர்த்திருக்கிறார்.

முறுக்கு பலிக்காததால் சாத்தூர்க் காராச்சேவு வாங்கிவந்தார். பத்திரகாளி அதைத் தட்டில் கொட்டி அவர் முன்னாலேயே வைத்தாள். அடுத்து விருதுநகருக்கே போய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிவந்தார். தன் பங்கை அவள் சால்னாவில் முக்கி மூடிவைத்தாள்.

"மொறுமொறுன்னு இருக்குறத ஏன் நாசம் பண்ணுற?"

"ஊறட்டும்."

வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவர் மனம் வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டு நெஞ்செலும்பு எடுத்துவந்தார். ஒரு காலத்தில் அவளுக்கு அது என்றால் உயிர்.

"இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம்."

"இதென்ன புதுப் பழக்கம்?"

அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததெல்லாம் கல்யாண வீடுகளில்தான். அங்கேயும் எங்கே பார்த்தார்? அவர் கண் அவர் இலையில் இருக்கும்.

வற்புறுத்தியதால் உட்கார்ந்தாள். குழம்பைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டாள். கறியை மட்டும் ஓரமாக ஒதுக்கினாள்.

"கறியத் தின்னு."

"உப்பு கூடிப்போச்சு."

"நீதான வச்ச?"

"அதான் சொல்றேன்."

ஒரு வார்த்தைக்கு எம்புட்டுத் தண்டனை! ஆற்றாமையில் தங்கச்சாமி ஒரு எலும்பை எடுத்து நறுக்கென்று கடித்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, புதுக் கடவாய்ப்பல் ஆடியது.

"அய்யய்யோ, வலிக்கா? கஞ்சி வச்சுத் தரட்டுமா?" என்று பதறினாள் பத்திரகாளி.

குத்திக்காட்டுகிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். பட்டினியாகப் படுத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் சிவகாசிக்குப் போனார்.

டாக்டர் திருகாணியை முடுக்கி, "எலும்பைக் கடிக்கிற வேலை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். வெளியே சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் அழகுமீனா, "எப்படிண்ணாச்சி ஆடுச்சு?" என்று கேட்டதுதான் தாமதம், அவருக்கு எல்லாம் பொங்கிவிட்டது.

"வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிட்டேன்மா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்புத்தான். ஒரு மாசமாச்சு. விதம்விதமா வாங்கியும் குடுத்துட்டேன், செய்யவும் சொல்லிட்டேன். எதையும் தொட மாட்டேங்கா. இன்னும் என்ன வாங்குனா அவ கோவம் தீரும்?"

அவர் கண் கலங்கிவிட்டது. அழகுமீனா எழுதுவதை நிறுத்தினாள்.

"கோவமா? அம்மாவுக்குத்தான் கடவாப்பல்லு ஒண்ணுகூடக் கெடையாதே அண்ணாச்சி. உங்களுக்கு முடிஞ்சதும் பல்லு கட்ட வாரேன்னு போன வருசமே பேரு குடுத்தவுக, இப்ப எப்பப் போன் போட்டாலும், 'அவுக இப்பத்தான் ஆசையா ஒண்ணொண்ணாக் கேட்டுத் திங்காக, நான் படுத்துட்டா யாரு செஞ்சு போடுவா'ங்காக!"