தள்ளுவண்டியில் தூங்கப்போன கம்ப்யூட்டர்

எஸ்பியர்,
மார்ச் மாதத்து மூடுபனி.

பெருமதிப்பிற்கும் சிறு வழுக்கைக்கும் உரிய பிரேபென் மாமாவுக்கு, மருமகள் டாக்னி பணிவோடு (முடிந்தவரை) எழுதுவது. இங்கே நான், அம்மா, கைக்குழந்தைத் தங்கை விக்கா மூவரும் நலம். அங்கே போர்ன்ஹோம் தீவில் நீங்களும், உங்கள் கொட்டகையில் புகையில் தொங்கும் ஹெர்ரிங் மீன்களும் நலமென்றே நம்புகிறேன். கோடையில் நாம் இருவரும் திருகு திருகாகச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லை. சூடு உண்டு, சொரணை இல்லை.

ஊருக்கு மேலே ஒரு திமிங்கிலம் மிதந்து போகிற அசையும் படம் ஒன்றை அதில் செய்துகொண்டிருக்கிறேன், மாமா. அது மெல்ல வரும், அதன் நிழலில் கூரைகள் ஒவ்வொன்றாக நீலமாகும், பார்க்கிற எனக்கே கண் சொக்கும். அதற்குள் ப்ராசஸர் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தாண்டி, விசிறி கப்பல் எஞ்சின் மாதிரி ஊளையிட்டு, பொட்டென்று எல்லாம் அணைந்துவிடும். உடனே பக்கத்து அறையில் விக்கா அழுவாள். "பாத்தியா, உன் பொட்டி ஊளையிட்டே புள்ளைய எழுப்பிடுச்சு! சனிக்கிழமைக்குள்ள அது வாய மூடல, குப்பைக் கிடங்குதான், சொல்லிட்டேன்" என்கிறாள் அம்மா. விக்கா தூங்காததால் அம்மாவும் தூங்குவதில்லை. நேற்று தூக்கக் கலக்கத்தில் காபிப் பொடியைக் கோப்பைக்குப் பதில் பூந்தொட்டியில் போட்டாள். ஆகவே, சொன்னால் செய்வாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. தூசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டினேன் (யாருடைய பிரஷ் என்று கேட்காதீர்கள்). பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். டிஷ்யூ காகிதத்தைப் பிடித்து விசிறிகள் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று பார்த்தேன். உலகத்தில் எனக்கிருக்கும் விசிறிகள் அந்த மூன்றுதான், மூன்றும் ஒழுங்காகத்தான் இருந்தன. சோர்ந்துபோய் ஜன்னலோரம் நின்றால், முற்றத்தில், நம் ஊர் வழக்கப்படி குழந்தைகளை வெளிக்குளிரில் தூங்கவைக்கும் தள்ளுவண்டிகள். மூடுபனிக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை, மூக்கு மட்டும் சிவந்து, குளிரில் சொர்க்கம் கண்டு தூங்குகிறது. குழந்தையைக் குளிர்விக்கிற காற்று கம்ப்யூட்டரைக் குளிர்விக்காதா?

அம்மா விக்காவைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போயிருந்தாள். விக்காவின் வண்டி காலி. கம்ப்யூட்டரை அதில் படுக்கவைத்து, மேல்மூடியை இழுத்துவிட்டு, ஒயர்களைச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். திரை உள்ளே, மேசைமேல். எண்பது, எழுபது, அறுபது! திமிங்கிலம் துறைமுகத்தைத் தாண்டியது. நான் மேசையில் கன்னம் வைத்து, பாதிக் கண்ணில் அதன் கூடவே மிதந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு போடில் ஆன்ட்டியின் குரல் வெளியே கேட்டது. அவர் எந்நாளும் கண்ணாடியைத் தலைமேல்தான் போட்டுக்கொள்வார். "அடி என் தங்கமே, நெஞ்சு இப்படி இரையுதே! போர்த்தாமயா போட்டுட்டுப் போனா உங்கம்மா?" கனவில் யாரோ பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஆன்ட்டி வாத்து இறகு திணித்த தன் தடிப் போர்வையைக் கொண்டுவந்து, காற்று புகாமல் நாலு பக்கமும் செருகி, வண்டியை ஆட்டத் தொடங்கியிருக்கிறார். திரையில் எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூறு. திமிங்கிலம் தேவாலயக் கோபுரத்தில் முட்டி நின்றது. ஊளை நின்றது.

"ஐயோ, டாக்னி! ஓடி வா! புள்ளைக்கு மூச்சு நின்னுபோச்சுடி!"

நான் ஓடினேன். அதே நேரம் வாசலில் அம்மா, தோளில் விக்கா. ஆன்ட்டி விக்காவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அப்ப இது யாரு?"

"அது நாங்களே வீட்டுல கட்டினது, ஆன்ட்டி."

அம்மா போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். "ஒண்ணுக்குப் பால் குடுத்தே நான் பாதியாயிட்டேன். நீ இன்னொண்ணுக்குக் கரண்ட் குடுக்கிறியா?"

மாமா, சனிக்கிழமை நெருங்கிவிட்டது. தயவுசெய்து அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, ஈஸ்டருக்கு வரும்போது எறும்பின் குறட்டை அளவுகூடச் சத்தம் போடாத பெரிய ப்ராசஸர் குளிரூட்டி ஒன்றை வாங்கிவருவதாக வாக்குக் கொடுங்கள். உங்கள் அடுப்பில் புகை குறையாமலும் படகில் ஓட்டை விழாமலும் கடல் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புள்ள, சூடுபட்ட,
டாக்னி

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் வாங்க வேண்டாம். அளவு எடுத்து எழுதலாமென்று பழைய குளிரூட்டியைக் கழற்றினேன். ப்ராசஸர்மேல் உட்காரும் அதன் அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியபடியே இருக்கிறது. 'பொருத்தும் முன் உரிக்கவும்' என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. "இது நுணுக்கமான வேலை, நீ தள்ளிக்க" என்று நீங்களே பொருத்திய பாகம் அது ஒன்றுதான். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளவும். உரித்து, சூடு கடத்தும் பசை தடவிப் பூட்டினேன்: ஐம்பது டிகிரி, சத்தமே இல்லை. அந்த அமைதியில் விக்கா விழித்து, வீடு இடிய அலறினாள். இத்தனை நாளாக அவளை எழுப்பியது ஊளை இல்லை மாமா, ஊளை நின்றதுதான். அம்மா பாய்ந்து வந்தாள்: "ஏன்டி அது சும்மா கிடக்கு? என்ன பண்ணித் தொலைச்ச? கத்த வைடி அத!" மூன்று விசிறிகளையும் முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன். பெட்டி இனி எங்கேயும் போகாதாம். ஈஸ்டருக்கு, கடையில் இருப்பதிலேயே ஓயாமல் கத்துகிற விசிறியாகப் பார்த்து ஒன்று வாங்கி வாருங்கள். விக்கா தூங்கிவிட்டாள். அவள் தொட்டிலில் தலை சாய்த்தபடி அம்மாவும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.