குக்கர் ராஜபாண்டி பாடுவதை நிறுத்திய வாரம்

"அப்பா, இனிமே நீங்க பாடக் கூடாது."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா மொக்கம்மாள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அனுசுயா கேட்டேவிட்டாள். எம்.காம். படித்தவள்; அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். திங்கட்கிழமை தேனியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர வேண்டும். முதல் வகுப்பிலேயே எவனாவது குக்கர் விசில் அடித்தால் அவள் கதை முடிந்தது.

ஏனென்றால் அவள் அப்பா, திருவிழா மேடைகளில் பாடும் குக்கர் ராஜபாண்டி. கண்ணில் நீலக் கண்ணாடி, கழுத்தில் பன்னீர் திராட்சை மாலை. மிக்ஸி ஓடுவது, குக்கர் கூவுவது, மேகமலை ரோட்டில் ஜீப் முக்குவது எல்லாம் அவர் தொண்டையிலேயே வரும். நடுநடுவே பாட்டும் வரும். பாட்டு முடிவதற்குள் மாலையில் பாதியைத் தின்றிருப்பார். இந்த வருடம் கச்சேரிக்கு அழைப்புகள் குறைந்திருந்தன. கேட்க இதுதான் சமயம் என்று அனுசுயா நினைத்தாள்.

பெரிய சண்டைக்குத் தயாராக நின்றாள். ராஜபாண்டி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரி, ஆத்தா."

அவ்வளவுதான். பாட்டோடு பேச்சும் நின்றது. காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார்.

மூன்றாம் நாள் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் முளைத்தது. ராஜபாண்டி படத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, இரு பக்கமும் குத்துவிளக்கு, 'குரல் ஓய்ந்தது' என்று கொட்டை எழுத்து. அடியில் 'கண்ணீருடன், மகள் அனுசுயா எம்.காம்.' பட்டமளிப்பு அங்கியோடு அவள் படம் வேறு.

ஒன்பது மணிக்குப் போடியிலிருந்து ஒரு வேன் மாலையோடு வந்தது. இறங்கும்போதே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அனுசுயா அப்பாவை இழுத்துவந்து வாசலில் நிறுத்தினாள். அவர் எல்லோரையும் கும்பிட்டார். வாயைத் திறக்கவில்லை.

"வாதம் அடிச்சு வாய் போயிருச்சே," என்றாள் முன்னால் நின்றவள். அழுகை இரட்டிப்பானது. கொண்டுவந்த மாலை வீணாக வேண்டாமென்று அவர் கழுத்திலேயே போட்டார்கள்.

"அவருக்கு ஒன்னுமில்ல. நாந்தான் பாட வேணாம்னு சொன்னேன்."

உண்மையைச் சொன்னால் தீரும் என்று படித்த பிள்ளை நம்பியது. மதியத்துக்குள் கம்பம் வரைக்கும் செய்தி போனது: பாடிப் படிக்கவைத்த அப்பன் வாயை மகளே கட்டிவிட்டாள். பால்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பால் ஊற்றாமலே போனார். எஸ்டேட் ஜீப்காரர்கள் தெருவில் நிறுத்தி நியாயம் கேட்டார்கள். தாங்க முடியாமல், பாடித் தொலையுங்கள் என்று அப்பா முன்னால் போய் நின்றாள். அவர் மொபைலில் எழுதிக் காட்டினார்: 'மகள் சொல்லைத் தட்ட மாட்டேன்.' அம்மா அதை ஸ்டேட்டஸில் வைத்தாள்.

சாயங்காலம் தேனிக் கல்லூரித் தாளாளர் போனில் கூப்பிட்டார். "எம் பேரன் காதுகுத்துக்கு ஒங்கப்பா கச்சேரியத்தான் பேசணும்னு இருந்தேன். அப்பனையே வாயத் தொறக்க விடாத பிள்ள, எங்க பிள்ளைகளப் பேச விடுவியாம்மா? திங்கக்கெழம நீ வர வேணாம்."

இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலை. அனுசுயா அழவில்லை. தூரம் என்று தட்டிக்கழித்திருந்த கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போன் போட்டு, வருகிறேன் என்றாள். மறுநாள் காலை சான்றிதழ் ஃபைலைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரனை நாலு கேள்வி கேட்காமல் பஸ் ஏற மனம் வரவில்லை.

கடைக்குள் புது ஃப்ளெக்ஸ் ஒன்று தொங்கியது. நீலக் கண்ணாடியோடு ராஜபாண்டி, தலைக்குப் பின்னால் சூரியன். 'மகள் போட்ட பூட்டை மக்கள் அன்பு உடைத்தது! வீரபாண்டித் திருவிழாவில் குக்கர் மீண்டும் கூவுகிறது!' கீழே அடுத்தடுத்துப் பாடப்போகும் ஏழு ஊர்களின் பெயர்.

"உசுரோட இருக்க மனுசனுக்கு யாரக் கேட்டுக் கறுப்புக் கட்டம் போட்டீக?" என்றாள்.

கடைக்காரன் செல்வின் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவனிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிப் படியிறங்கி, பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால் செல்வின் சொன்னான்: "எம்மேல ஏன் தங்கச்சி கோவிச்சுக்கிட்டுப் போற? ரெண்டு டிசைனும் போன மாசமே ரெடி. 'கேக்காத, கேக்காதன்னு தெனமும் ஓதிக்கிட்டிருக்கேன், எப்படியும் கேட்டுருவா'ன்னு ஒங்கம்மாதான் சொல்லிட்டுப் போனாக."